இருப்பு எங்கே இருக்கிறது?

எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே, அத்திப்பட்டுக்கும் மீஞ்சூருக்கும் பக்கத்தில் இருக்கிறது வள்ளூர். வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் அனல்மின் நிலையத்தால் தெரிந்திருக்கும். தேசிய அனல்மின் கழகமும் தமிழ்நாடு மின்துறையும் கூட்டாக நடத்தும் 1,500 மெகாவாட் நிலையம் அது. உள்ளூர்க்காரர்களுக்கு வள்ளூர் என்றால் சாலை, லாரி, குடோன். 2001-இல் நிலக்கரிக்காகவே செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் இன்று காமராஜர் துறைமுகம். அதை ஒட்டிக் காட்டுப்பள்ளித் துறைமுகம். வண்டலூரிலிருந்து புறப்படும் வெளிவட்டச் சாலை வந்து முடிவது மீஞ்சூரில். கடலில் வருவதும் சாலையில் போவதும் கைமாறும் இடத்தில் சரக்கு கொஞ்ச நேரம் தங்கியே ஆக வேண்டும். அந்தத் தங்குமிடம்தான் கிடங்கு.

2017 ஜூலை 1-க்குப் பிறகு இந்தத் தங்கல் கணக்கே மாறிவிட்டது. அதுவரை மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் மத்திய விற்பனை வரி. அதைத் தவிர்க்க நிறுவனங்கள் மாநிலத்துக்கு ஒரு கிடங்கு வைத்திருந்தன. ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் காரணம் போனது. சிறு கிடங்குகள் பலவற்றை மூடி, துறைமுகத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே பெரிய கிடங்கு ஒன்றை வைப்பது லாபம் என்றானது. இதற்கு ஒரு கணக்கும் உண்டு. டேவிட் மெய்ஸ்டர் 1976-இல் எழுதிய வர்க்கமூல விதிப்படி, ஒரே மாதிரியான 4 கிடங்குகளை ஒன்றாக்கினால், எதிர்பாராத தேவைக்காக வைக்கும் கையிருப்பு பாதியாகக் குறையும். ஓர் ஊரில் விற்பனை ஏறும்போது இன்னோர் ஊரில் இறங்கும். ஒரே கூரையின் கீழ் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும்.

ஆனால் கிடங்கு பெரிதாகும்போது தேடலும் பெரிதாகிறது. சோப்பு, பிஸ்கட், ஷாம்பூ என்று ஆயிரம் வகைச் சரக்கு வைத்திருக்கும் எந்த விநியோகஸ்தரின் குடோனுக்குப் போனாலும் ஒரு வாக்கியம் காதில் விழும்: “கம்ப்யூட்டர்ல அஞ்சு பெட்டி காட்டுது சார், இங்க ஒண்ணுகூட இல்ல.” சரக்கு இருக்கிறது, பணம் கொடுத்தும் ஆகிவிட்டது. ஆனால் வேண்டிய நேரத்தில் கைக்கு வரவில்லை. கைக்கு வராத சரக்கு இல்லாத சரக்குதான். வாங்க வந்த கடைக்காரர் அடுத்த விநியோகஸ்தரிடம் போய்விடுவார்.

கிடங்கின் திறனை ஆட்களின் வேகத்தை வைத்தோ ரேக்கின் உயரத்தை வைத்தோ அளப்பது வழக்கம். ஏட்டில் இருப்பதும் இடத்தில் இருப்பதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதே சரியான அளவுகோல். இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதைத்தான்: ஒழுங்கை மென்பொருள் உண்டாக்காது, ஏற்கெனவே உண்டான ஒழுங்கை அது மறக்காமல் காப்பாற்றும்.

பொய்யாகும் கணக்கு

கணக்கும் சரக்கும் பிரிவது நம் ஊர்க் குறைபாடு மட்டுமல்ல. நிக்கோல் டிஹோரேஷியஸ், அனந்த் ராமன் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் பெரிய சில்லறை நிறுவனம் ஒன்றின் 37 கடைகளில், ஏறத்தாழ 3,70,000 இருப்புப் பதிவுகளைச் சரக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 65 சதவீதப் பதிவுகள் தவறாக இருந்தன. கணினியும் ஸ்கேனரும் உள்ள நிறுவனத்தின் நிலைமையே இதுதான்.

தவறு எங்கே புகுகிறது? இறக்கும் இடத்தைக் கவனித்தால் தெரியும். மதிய வெயிலில் லாரி வந்து நிற்கிறது. லோடுமேன்கள் நான்கு பேர் பெட்டிகளைக் கைமாற்றிக் கைமாற்றி இறக்குகிறார்கள். கிளார்க் ஓரமாக நின்று, ஐந்துக்கு ஒரு குறுக்குக்கோடு போட்டு நோட்டில் எண்ணுகிறார். நடுவில் போன் வருகிறது. பேசி முடித்துத் திரும்பும்போது மூன்று பெட்டி உள்ளே போயிருக்கிறது. 100 கிராம் சோப்பும் 125 கிராம் சோப்பும் ஒரே நிற அட்டைப்பெட்டியில் வந்திருக்கின்றன. இரண்டையும் ஒரே வகையாக எழுதிவிடுகிறார். டிரைவர் அவசரப்படுத்துகிறார். சலானில் கையெழுத்து விழுகிறது. அந்த நிமிடத்திலிருந்து அந்தக் குடோனின் கணினி பொய் சொல்லத் தொடங்குகிறது. யாரும் திருடவில்லை, யாரும் சோம்பேறியும் இல்லை. மனிதக் கண்ணும் கவனமும் தாங்காத ஒரு வேலையை முறையில்லாமல் அவர்கள் தலையில் கட்டியதுதான் தவறு.

இந்தத் தவறு அப்படியே நிற்பதில்லை, குட்டி போடும். கணினியில் 5 பெட்டி இருப்பதாகக் காட்டும்வரை புதிய ஆர்டர் போகாது. இருப்பு உண்மையில் பூஜ்யம் என்பதால் விற்பனையும் நடக்காது. விற்பனை நடக்காததால் அந்தப் பொருளுக்குத் தேவை குறைந்துவிட்டது என்று மென்பொருள் முடிவு கட்டும். இல்லாத சரக்கு ஒன்று, வர வேண்டிய சரக்கையும் வரவிடாமல் தடுத்துவிடும்.

இதற்கான மருந்துகளில் முக்கியமானது பட்டைக்குறி, அதாவது பார்கோடு. அமெரிக்காவின் நார்மன் ஜோசப் உட்லண்ட் மயாமி கடற்கரை மணலில் விரல்களால் கோடிழுத்தபோது பிறந்த யோசனை அது. மோர்ஸ் குறியீட்டின் புள்ளியையும் கோட்டையும் கீழ்நோக்கி நீட்டினால் மெல்லிய பட்டையும் தடித்த பட்டையும் கிடைக்கும் என்று அவருக்குப் பட்டது. பெர்னார்ட் சில்வருடன் சேர்ந்து 1952-இல் காப்புரிமை பெற்றார். கடையில் முதல் பொருள் ஸ்கேன் ஆனது 1974 ஜூன் 26-இல், ஒஹாயோ மாநிலத்தின் ட்ராய் நகரில். அது ஒரு சூயிங்கம் பாக்கெட்.

பட்டைக்குறியின் அறிவு அதன் கடைசி இலக்கத்தில் இருக்கிறது. இந்தியாவில் பதிவான நிறுவனங்களின் 13 இலக்க எண் பெரும்பாலும் 890 என்று தொடங்கும். 890123456789 என்ற 12 இலக்கங்களை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். ஒற்றைப்படை இடங்களில் உள்ளவை 8, 0, 2, 4, 6, 8, கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவை 9, 1, 3, 5, 7, 9. கூட்டினால் 34, அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. இதை அடுத்த பத்தின் மடங்காக்க என்ன சேர்க்க வேண்டும்? ஏற்கெனவே பத்தின் மடங்கு, எனவே 0. அதுதான் 13-ஆவது இலக்கம். இப்போது 1-ஐயும் 2-ஐயும் யாரோ இடம் மாற்றித் தட்டிவிட்டார் என்று வையுங்கள். கூட்டுத்தொகை 132 ஆகிவிடும். கடைசி இலக்கம் 8 ஆக இருந்திருக்க வேண்டும். கருவி உடனே மறுத்துவிடும். ஓர் இலக்கம் மட்டும் தவறினால் இந்தக் கணக்கு அதைத் தவறாமல் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால், அவற்றின் வித்தியாசம் சரியாக 5 ஆக இருந்தால் ஒழிய, அதையும் பிடித்துவிடும். கிளார்க்கின் கவனம் சிதறும் நொடியில் இந்த ஓர் இலக்கம் அவருக்குக் காவல் நிற்கிறது.

பொருளுக்கு ஒரு முகவரி

அடுத்த கேள்வி, சரக்கை எங்கே வைப்பது. பல குடோன்களில் இதற்குப் பதில், “எங்க எடம் காலியா இருக்கோ அங்க” என்பதுதான். வைத்தவருக்கு மட்டுமே இடம் தெரியும். மேஸ்திரி ஒருவர் லீவு போட்டால் கிடங்குக்கே மறதி வந்துவிடும்.

இதற்குச் செலவில்லாத தீர்வு ஒன்று உண்டு. சந்துக்கு ஓர் எழுத்து, ரேக்குக்கு ஓர் எண், தட்டுக்கு ஓர் எண். ஆ-07-2 என்றால் ஆ சந்து, ஏழாவது ரேக், இரண்டாவது தட்டு. பெயின்ட்டும் தூரிகையும் போதும். முகவரி எழுதிய பிறகே, எந்தப் பொருளை எந்த முகவரியில் குடிவைப்பது என்ற கேள்விக்கே பொருள் வருகிறது.

இத்தாலியப் பொருளியலாளர் வில்ஃபிரடோ பரேட்டோ, சொத்தின் பெரும்பகுதி சிலர் கையில் குவிந்திருப்பதை 1890-களில் கணக்கிட்டுக் காட்டினார். 1951-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஃபோர்ட் டிக்கி அதே கண்ணோட்டத்தில் சரக்கிருப்பைப் பார்த்து, அதை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தார். பெரும்பாலான கிடங்குகளில் ஐந்தில் ஒரு பங்கு வகைகளே ஐந்தில் நான்கு பங்கு வேலையைத் தரும். நம் சமையலறைகள் இதை என்றோ செய்துவிட்டன: உப்பும் புளியும் அடுப்புக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் தட்டில், கல்யாணத்துக்கு எடுக்கும் அண்டா பரணில்.

இதை எண்ணில் பார்ப்போம். 60 மீட்டர் நீளமுள்ள குடோன், ஒரு முனையில் வாசல். ஒரு நாளைக்கு 500 முறை சரக்கு எடுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனி நடை. சரக்கு கலைந்து கிடந்தால் சராசரித் தூரம் 30 மீட்டர், போய்வர 60. மொத்தம் 30 கிலோமீட்டர். இப்போது அதிகம் போகும் ஐந்தில் ஒரு பங்கு வகைகளை முதல் 12 மீட்டருக்குள் கொண்டுவருவோம். அவற்றுக்குச் சராசரி 6 மீட்டர், மீதிக்கு 36 மீட்டர். 80 சதவீத நடை முதல் வகைக்கு, 20 சதவீத நடை மீதிக்கு. சராசரி 12 மீட்டர்தான் வரும். போய்வர 24, மொத்தம் 12 கிலோமீட்டர். ஒரு ரூபாய்க்கும் மென்பொருள் வாங்கவில்லை. 18 கிலோமீட்டர் நடை மிச்சம்.

சரக்கு எடுக்கும் ஆளின் நேரத்தில் ஏறத்தாழப் பாதி நடையிலேயே போகிறது என்று கிடங்குப் பொறியியல் பாடநூல்கள் சொல்கின்றன. அதனால் நடையைக் குறைப்பதே கிடங்கு அறிவியலின் பழைய, பெரிய ஆராய்ச்சி. இடம் அடைக்காத, அடிக்கடி போகும் பொருளை வாசலுக்கு அருகில் வைக்கும் கணக்கை ஹெஸ்கட் 1963-இல் தந்தார். நேர்நேரான சந்துகள் கொண்ட கிடங்கில் ஒரு பட்டியல் சரக்கை மிகக் குறைந்த நடையில் எடுக்கும் வழியைக் கணினி துல்லியமாகச் சொல்ல முடியும் என்று ராட்லிஃப், ரோசந்தால் இருவரும் 1983-இல் நிறுவினார்கள். பத்துக் கடைகளின் பில்களை ஒன்றுசேர்த்து, ஒரே சுற்றில் எடுத்து வரும்படி வரிசைப்படுத்தித் தருவது மென்பொருள் நன்றாகச் செய்யும் வேலை. ஆனால் அதற்கு முகவரி வேண்டும். முகவரி இல்லாத கிடங்கில் உலகின் சிறந்த வழித்தேடலும் ஊமையாகிவிடும்.

வாசலில் நிற்கும் வண்டி

திருவொற்றியூர், எண்ணூர் விரைவுச்சாலை, மணலி பகுதிகளில் வசிப்பவர்களுக்கு டிரெய்லர் வரிசை புதிதல்ல. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் வண்டிகள் கிலோமீட்டர் கணக்கில் நின்ற நாட்களை அந்தச் சாலை பலமுறை கண்டிருக்கிறது. அதே வரிசை, சிறு அளவில், ஒவ்வொரு குடோன் வாசலிலும் நிற்கிறது.

வரிசையின் அறிவியலைத் தொடங்கிவைத்தவர் டென்மார்க்கின் ஏ. கே. எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்தில் எத்தனை இணைப்பு இருந்தால் அழைப்பு காத்திருக்காது என்று கேட்டு, 1909-இல் தன் முதல் கட்டுரையை வெளியிட்டார். அந்த வழியில் வந்த எளிய வாய்பாடு ஒன்று கிடங்கு நடத்தும் எல்லோரும் அறிய வேண்டியது. ஓர் இறக்குமேடை, வண்டிகள் முன்பின்னாக வருகின்றன, இறக்கும் நேரமும் வண்டிக்கு வண்டி ஏறி இறங்குகிறது, சராசரி அரை மணி நேரம். மேடை பாதி நேரம் வேலையில் இருந்தால் ஒரு வண்டி சராசரியாகக் காத்திருப்பது அரை மணி. 80 சதவீதம் என்றால் 2 மணி நேரம். 90 சதவீதம் என்றால் நாலரை மணி. 95 சதவீதம் என்றால் ஒன்பதரை மணி நேரம்.

மேடை சும்மா இருந்தால் நஷ்டம் என்று நினைத்து அதை இறுக்கி நிரப்பும் முதலாளி, வாசலில் தானே வரிசையை உண்டாக்குகிறார். காத்திருக்கும் டிரைவருக்குக் கழிப்பறை இல்லை, சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. மாலையில் அவர் அவசரப்படுத்தும்போதுதான் இறக்கும் எண்ணிக்கை தவறுகிறது. வரிசையும் தவறான கணக்கும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை.

தீர்வு வருகையைப் பரப்புவது. காலையில் மொத்தமாக வரும் வண்டிகளுக்கு நேரம் குறித்துக் கொடுத்தாலே மேற்கண்ட எண்கள் சடசடவென இறங்கிவிடும், ஏனென்றால் அந்த எண்களை ஏற்றுவதில் வருகையின் ஒழுங்கின்மைக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி இதைவிட எளிது: உள்ளே இருக்கும் வண்டிகள் என்பது மணிக்கு வரும் வண்டிகளைத் தங்கும் நேரத்தால் பெருக்கியது. மணிக்கு 3 வண்டி வந்து ஒவ்வொன்றும் 4 மணி நேரம் தங்கினால், எப்போது பார்த்தாலும் சராசரியாக 12 வண்டி நிற்கும். தங்கல் இரண்டரை மணியானால் 7 அல்லது 8 வண்டி. கூடுதல் நிலம் வாங்காமலே முற்றம் பெரிதாகிவிடும். சரக்குக்கும் இதே விதிதான். தினம் 200 பெட்டி போகும் குடோனில் சராசரி இருப்பு 6,000 என்றால், ஒவ்வொரு பெட்டியும் 30 நாள் வாடகை தின்கிறது.

தங்கினால் கெடும்

வள்ளூர் மின்நிலையத்துக்கு நிலக்கரி காமராஜர் துறைமுகத்திலிருந்து கன்வேயரில் வருகிறது. நிலக்கரிக் குவியலும் ஒரு கிடங்குதான். அதுவும் ஆபத்தான கிடங்கு. குவியலின் உள்ளே கரி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெதுவாக வினைபுரிந்து சூடாகும். வெளியேற வழியில்லாத வெப்பம் வினையை இன்னும் வேகமாக்கும். நாளாக நாளாகத் தானே புகைந்து தீப்பிடிக்கும். அதனால் நிலக்கரி முற்றங்களில் குவியலை அழுத்திக் காற்றை வெளியேற்றுகிறார்கள், வெப்பம் பார்க்கிறார்கள், பழையதை முதலில் எரிக்கப் பார்க்கிறார்கள். புதிய கரி மேலே விழுவதால் மேலே உள்ளதையே அள்ளிப் போட்டால், அடியில் கிடப்பது வயதாகிக்கொண்டே போகும்.

பிஸ்கட் குடோனிலும் நடப்பது இதுவே. புதிய லோடை முன்னால் அடுக்கினால் பழையது சுவரோரம் போய் மறைந்துவிடும். காலாவதியான பிறகுதான் கண்ணில் படும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பது பழைய விதி. முதலில் காலாவதியாவது முதலில் போக வேண்டும் என்பது உணவுக்கும் மருந்துக்கும் பொருந்தும் திருத்தம், ஏனென்றால் பிந்தி வந்த லோடில் முந்திய தேதி இருக்கக்கூடும். தேதியை மனிதர் நினைவில் வைத்திருக்க முடியாது. பட்டைக்குறியோடு தொகுதி எண்ணையும் தேதியையும் பதிந்து, “இந்தப் பெட்டியை எடு” என்று சொல்லும் மென்பொருளின் பயன் இங்கேதான் முழுமையாகத் தெரியும்.

தங்கல் எவ்வளவு ஆபத்தாக முடியும் என்பதை வடசென்னை 2020 ஆகஸ்டில் உணர்ந்தது. ஆகஸ்ட் 4-இல் பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் வருடக்கணக்கில் கிடந்த சுமார் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், 2015-இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் மணலி அருகே 37 கண்டெய்னர்களில் கிடப்பது ஊருக்கே பேச்சானது. ஏலம் முடித்து, அதே மாதத்தில் ஹைதராபாத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். சரக்கு எங்கே இருக்கிறது என்பது ஆவணத்தில் இருந்தது. எத்தனை நாளாக இருக்கிறது, இனியும் இருக்கலாமா என்ற கேள்வியை எழுப்பும் முறைதான் இல்லை. வயதான சரக்கின் பட்டியல் வாரம் ஒருமுறை பொறுப்பானவர் மேசைக்குத் தானாக வர வேண்டும்.

இந்தப் பகுதிக்கென்றே ஒரு விதியும் உண்டு. கொசஸ்தலையாறும் கழிமுகமும் சூழ்ந்த தாழ்நிலம் இது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் என்ன செய்யும் என்று பார்த்துவிட்டோம். தண்ணீர் பட்டால் வீணாகும் சரக்கு இங்கே தரைத்தட்டில் இருக்கவே கூடாது. வேறு ஊரில் எழுதப்பட்ட மென்பொருளுக்கு இது தெரியாது. நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

தமிழ்நாட்டின் மருந்துக் கிடங்குகள்

இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்த உதாரணத்துக்கு வெளிநாடு போக வேண்டாம். 1994 ஜூலை 1-இல் பதிவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், இந்தியாவின் மிக நல்ல கிடங்குப் பாடங்களில் ஒன்று. அதன் வேலை அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் மருந்து வாங்கிக் கொடுப்பது. சாராம்சத்தில் அது ஒரு மாபெரும் விநியோகஸ்தர்.

முதலில் மருந்துப் பட்டியலைக் குறுக்கினார்கள். அத்தியாவசிய மருந்துகள் எவை என்று முடிவு செய்து, அவற்றை வணிகப் பெயரில் அல்லாமல் மூலப்பெயரில் மொத்தமாக வாங்கினார்கள். ஒரே மாத்திரை பல பெயர்களில் இருந்தால் பல இடமும் பல கணக்கும் வேண்டும். பட்டியல் குறுகினாலே கிடங்கில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்து மாவட்டங்களில் கிடங்குகள். உற்பத்தியாளர் சரக்கை நேரே அங்கே இறக்குவார். இறங்கிய மருந்து உடனே வெளியே போகாது, தனியே நிறுத்திவைக்கப்படும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயர் தெரியாதபடி குறியீட்டு எண்ணிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் வழங்கலுக்கு வரும். மாத்திரைகள் மீது அரசு வழங்கல், விற்பனைக்கல்ல என்று அச்சிட்டிருக்கும். மருந்து வழிதவறினால் அந்த அச்சே அடையாளம் காட்டும்.

மூன்றாவது, பாஸ்புக். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து பெறலாம் என்று ஒதுக்கீடு. கிடங்கிலிருந்து எடுக்க எடுக்க அந்தத் தொகை குறையும். என்ன வேண்டும் என்பதை மருத்துவமனையே தீர்மானிக்கும். மேலிருந்து தள்ளிவிடும் முறையில், ஓரிடத்தில் இருமல் மருந்து தேங்கி இன்னோரிடத்தில் காய்ச்சல் மாத்திரை தீர்ந்துபோகும். இழுத்துக்கொள்ளும் முறையில் தேவைதான் சரக்கை நகர்த்துகிறது.

நான்காவதாகத்தான் கணினி. மாவட்டக் கிடங்குகளின் இருப்பு சென்னைத் தலைமையகத்துக்குத் தெரிந்தது. ஒரு மாவட்டத்தில் குறைந்து இன்னொன்றில் மிகுந்தால் மாற்றி அனுப்பலாம். இருப்பு வரம்புக்குக் கீழே போனால் புதிய ஆர்டர் போடலாம். காலாவதி நெருங்கும் மருந்தை முன்னதாக நகர்த்தலாம். இணையம் வீட்டுக்கு வீடு வராத 1990-களில் இதைச் செய்தார்கள். முறை தெளிவாக இருந்ததால் எளிய கணினியே போதுமாயிருந்தது. பின்னர் கேரளம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் இதைப் பார்த்துத் தங்களுக்கும் இத்தகைய கழகங்களை அமைத்தன.

இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பாருங்கள். பட்டியல் குறையவில்லை, முகவரி இல்லை, இறக்கும் இடத்தில் சோதனை இல்லை. ஆனால் விலை உயர்ந்த மென்பொருள் மட்டும் வந்துவிட்டது. குழப்பம் அப்படியே இருக்கும். வண்ணத் திரையில் தெரியும், அவ்வளவுதான்.

மென்பொருளின் இடம்

அப்படியானால் மென்பொருள் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆயிரம் வகைச் சரக்குக்கும் மறு ஆர்டர் எப்போது என்று தினமும் கணக்கிட மனிதரால் ஆகாது. ஒரு பொருள் தினம் சராசரி 40 பெட்டி போகிறது. கம்பெனியிலிருந்து வர 5 நாள். 200 பெட்டி இருக்கும்போது ஆர்டர் போட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் விற்பனை தினமும் 10 பெட்டி அளவுக்கு ஏறி இறங்குகிறது. ஐந்து நாளின் ஏற்ற இறக்கம், 10-ஐ 5-இன் வர்க்கமூலத்தால் பெருக்கியது, ஏறத்தாழ 22. நூற்றுக்கு 95 தடவை சரக்கு தீராமல் இருக்க அதை 1.65-ஆல் பெருக்கினால் 37. ஆக 237 பெட்டியில் ஆர்டர் போக வேண்டும். இதை எல்லா வகைக்கும் தினமும் போடுவது கணினிக்கு நொடி வேலை. தீபாவளிக்கு முந்திய மாதத்தில் இந்தச் சராசரி செல்லாது என்று அதற்கு எடுத்துச்சொல்வது மனிதர் வேலை.

வருடத்துக்கு ஒருமுறை கடையை மூடி ஸ்டாக் எடுப்பதை விட, தினமும் கொஞ்சம் எண்ணுவது நல்லது. வேகமாகப் போகும் வகையை மாதம் ஒருமுறை, நடுத்தரத்தைக் காலாண்டுக்கு ஒருமுறை, மீதியை ஆண்டுக்கு இருமுறை. இன்று எந்த முகவரியை எண்ண வேண்டும் என்று மென்பொருள் பட்டியல் தரட்டும். வித்தியாசம் வந்தால் எண்ணைத் திருத்திவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. ஏன் வந்தது என்று அன்றே தேட வேண்டும். வருடக் கடைசியில் தெரியும் தவறுக்குக் காரணம் யாருக்கும் நினைவிருக்காது; நேற்றைய தவறுக்கு இருக்கும்.

சுமப்பவரும் கணக்கில் சேர வேண்டும்

திறன் என்ற பெயரில் லோடுமேன்களை விரட்டும் கிடங்குகளும் உண்டு. அது திறனே அல்ல. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் 1991-இல் திருத்திய தூக்குதல் சமன்பாடு, எல்லாம் சாதகமாக இருக்கும்போதுகூட 23 கிலோவுக்கு மேல் தூக்கச் சொல்லவில்லை. நம் அரிசி மூட்டையும் சிமென்ட் மூட்டையும் 50 கிலோ. குனிந்து, திரும்பி, தலைக்கு மேல் ஏற்றி அடுக்கும்போது பாதுகாப்பான எடை இன்னும் இறங்கும். எனவே கனமான, அடிக்கடி போகும் சரக்கு இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தட்டில் இருக்க வேண்டும். நடையைக் குறைக்கும் அதே ஏபிசி கணக்கு முதுகையும் காக்கும். கைவண்டியும் பேலட் டிராலியும் மென்பொருளுக்கு முன்னால் வாங்க வேண்டியவை.

சுமைப்பணி உள்ளிட்ட உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காகத் தமிழ்நாடு 1982-இலேயே தனிச் சட்டம் இயற்றிய மாநிலம். நல வாரியத்தில் பதிவு என்பது முதலாளி காட்டும் கருணை அல்ல, அவர்களின் உரிமை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எந்தப் பெட்டி எங்கே இடறும், எந்தச் சந்தில் மழைநீர் ஒழுகும், எந்தக் கம்பெனிக்காரர் எண்ணிக்கையில் குறைத்து அனுப்புவார் என்பதெல்லாம் லோடுமேனுக்குத் தெரியும். ரேக் வரைபடம் போடும் நாளில் அவரை மேசைக்கு அழைக்காத கிடங்கு, தன்னிடமுள்ள மிகச் சிறந்த தகவலைத் தூக்கியெறிகிறது.

வள்ளூரிலோ மீஞ்சூரிலோ மாதவரத்திலோ குடோன் நடத்தும் வாசகர்களுக்குச் சொல்வது இதுதான். மென்பொருள் விற்பவரை அடுத்த மாதம் வரச் சொல்லுங்கள். இந்த மாதம் ரேக்குகளுக்கு எண் எழுதுங்கள். ஓடாத சரக்கைக் கழித்துக்கட்டுங்கள். வேகமாக ஓடுவதை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். இறக்கும் இடத்தில் எண்ணுபவரை எண்ண மட்டும் விடுங்கள், போனை வாங்கி வைத்துவிடுங்கள். வண்டிகளுக்கு நேரம் கொடுங்கள். தினமும் 20 முகவரியை எண்ணி, ஏட்டோடு எத்தனை ஒத்துப்போனது என்று சுவரில் எழுதுங்கள். அந்த எண் வாரத்துக்கு வாரம் ஏறத் தொடங்கிய பிறகு மென்பொருள் வாங்குங்கள். அப்போது அது கொடுத்த காசுக்கு உழைக்கும்.